ஒரே குளுக்கோஸ், வேறு வேறு பசை: மாவுச்சத்தின் அமைப்பு அதன் பயனை எப்படித் தீர்மானிக்கிறது

கேள்வி இதுதான்: மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, அரிசி என எதிலிருந்து எடுத்தாலும் மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் சங்கிலிதான். பிறகு ஏன் கார்ன்ஃப்ளவரில் காய்ச்சிய பசை ஆறியதும் வெளுத்து இறுகிக் கட்டியாகிறது, மரவள்ளி மாவில் காய்ச்சியது தெளிவாக நின்று நூலாக இழுபடுகிறது? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடும்போது அளவை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. அளவைக் கூட்டிக் குறைத்துச் சூட்டில் ஒரே கெட்டித்தன்மையைக் கொண்டுவந்துவிடலாம். ஆறிய பின்னும், மறுநாளும், உறையவைத்து எடுத்த பின்னும் அவை வேறு வேறாகத்தான் நடந்துகொள்ளும். சங்கிலி எவ்வளவு கிளைத்திருக்கிறது, மாவுமணிக்குள், அதாவது செடி மாவுச்சத்தைக் கட்டிவைக்கும் நுண்துகளுக்குள், எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, கூடவே எவ்வளவு பாஸ்பேட்டும் கொழுப்பும் ஒட்டியிருக்கின்றன என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. முதலாவதற்குப் பங்கு அதிகம். ஆனால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் கணக்கு அடிக்கடி தப்பும்.

சங்கிலியிலிருந்து தொடங்குவோம். மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: அமைலோஸ், அமைலோபெக்டின். அமைலோஸ் என்பது சில நூறு முதல் சில ஆயிரம் குளுக்கோஸ் அலகுகள் ஆல்பா-1,4 பிணைப்பில் (ஒன்றின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனோடு சேர்வது) வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. கிளை மிக அரிது. அமைலோபெக்டினிலும் அதே பிணைப்புதான், ஆனால் சராசரியாக இருபது, இருபத்தைந்து அலகுக்கு ஒருமுறை ஆல்பா-1,6 பிணைப்பில் ஒரு கிளை பிரிகிறது. அதன் மூலக்கூறு எடை ஒரு கோடி முதல் நூறு கோடி டால்டன் வரை போகும். அமைலோஸ் லட்சக்கணக்கில், மிஞ்சினால் பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும். இதே குளுக்கோஸ் பீட்டா-1,4 பிணைப்பில் கோக்கப்பட்டால் செல்லுலோஸ் ஆகிவிடும்: விறைத்த இழை, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பசையாகாது. ஆல்பா பிணைப்பு சங்கிலியை வளைத்துச் சுருளாக்குகிறது. மாவுச்சத்தின் எல்லாக் குணமும் அந்த வளைவிலிருந்து வருகிறது.

கிளை இல்லாத சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதனால் அமைலோஸ் அதிகம் இருந்தால் ஜெல் இறுகும், ஒளி சிதறிப் பசை வெளுக்கும், உலர்ந்தால் வலுவான படலம் கிடைக்கும். கிளைத்த மூலக்கூறுக்கு அப்படி நெருங்கிப் படுக்க இடமில்லை. அது நீரைப் பிடித்துக் கெட்டியாக்கும், தெளிவாக இருக்கும், ஆனால் லேசில் இறுகாது.

விகிதங்கள் ஏறத்தாழ இவை. சாதாரண மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் அமைலோஸ் 25 சதவீதத்தை ஒட்டி, உருளைக்கிழங்கில் 20, மரவள்ளியில் 17. அரிசியில் ரகத்துக்கு ரகம் மாறும்: ஒட்டும் அரிசியில் 2 சதவீதத்துக்கும் கீழே, உதிரியாக வேகும் ரகங்களில் 25-க்கு மேலே. மெழுகு வகை மக்காச்சோளத்தில் அமைலோஸ் அநேகமாக இல்லை, ஏனெனில் அமைலோஸைக் கட்டும் நொதி அதில் வேலை செய்வதில்லை. எதிர்முனையில், இதற்கென்றே வளர்த்தெடுத்த உயர் அமைலோஸ் மக்காச்சோளத்தில் 50 முதல் 70 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல்.

கிளை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மெண்டலின் சுருங்கிய பட்டாணியைவிட நல்ல சான்று இல்லை. 1866-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் உருண்டை விதை, சுருங்கிய விதை என்று பிரித்த பண்புக்குக் காரணம், மாவுச்சத்தில் கிளை போடும் நொதியின் மரபணுவுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டு நுழைந்து அதை முடக்கியதுதான் என்று 1990-இல் கண்டறிந்தார்கள். அமைலோபெக்டின் குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது, சர்க்கரை நீரை இழுக்கிறது, காயும்போது விதை சுருங்கிப்போகிறது. மரபியலின் முதல் பாடத்துக்குள் மாவுச்சத்து வேதியியல் ஒளிந்திருந்தது எனக்கு இன்றும் வியப்பு தருகிறது.

இனி மாவுமணி. செடி மாவுச்சத்தைக் கரைசலாக வைத்திருப்பதில்லை, மணிமணியாகக் கட்டி வைக்கிறது. அரிசி மணி 3 முதல் 8 மைக்ரான், மக்காச்சோளம் சராசரி 15, மரவள்ளி அதைப் போன்றோ சற்றுப் பெரிதாகவோ, உருளைக்கிழங்கு 100 மைக்ரான் வரை. கோதுமையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு கூட்டம். மணிக்குள் அமைலோபெக்டினின் குறுங்கிளைகள் இரண்டிரண்டாக முறுக்கி இரட்டைச் சுருளாகி அடுக்கடுக்காகப் படிகமாகின்றன. ஒரு படிக அடுக்கும் அதையடுத்த ஒழுங்கற்ற அடுக்கும் சேர்ந்து சுமார் 9 நானோமீட்டர். பலர் தலைகீழாக நினைப்பது இங்கேதான்: நேர்ச்சங்கிலியான அமைலோஸ்தான் படிகத்தைக் கட்டுகிறது என்று தோன்றும். சாதாரண மணியில் படிகத்தைக் கட்டுவது கிளைத்த அமைலோபெக்டின். மெழுகு வகையில் அமைலோஸ் இல்லாவிட்டாலும் மணி முழுப் படிக அமைப்போடு இருப்பது அதனால்தான்.

பச்சைத் தண்ணீரில் மாவு ஏன் கெட்டியாவதில்லை என்பதற்கும் இதுவே விடை. படிகம் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. மணி சிறிதளவு ஊறும், காயவைத்தால் பழைய நிலைக்கே திரும்பும். அடர்த்தி ஏறத்தாழ 1.5 என்பதால் கலக்குவதை நிறுத்தினால் அடியில் படியும். சூடேற்றும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தண்ணீரின் துணையோடு படிகம் உருகுகிறது, மணி பல மடங்கு வீங்குகிறது, அமைலோஸ் வெளியே கசிகிறது. இதுதான் பசையாதல். உருளைக்கிழங்கு 58 முதல் 68 டிகிரி செல்சியஸ், மக்காச்சோளம் 62 முதல் 72, அரிசி பெரும்பாலும் 68 முதல் 78. கோதுமை இவற்றைவிடச் சற்று முன்னதாகவே தொடங்கிவிடும். உயர் அமைலோஸ் மக்காச்சோளம் 100 டிகிரியிலும் முழுதாக மசியாது, அழுத்தத்தில் 120-க்கு மேல் கொண்டுபோக வேண்டும். திறந்த பாத்திரத்தில் காய்ச்சிப் பார்த்துவிட்டு அதைத் தரமற்ற மாவு என்று ஒதுக்குவது தவறு.

கட்டி விழுவதும் பசையாதலின் வேகத்தால்தான். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் குவியலின் வெளிப்புற மணிகள் நொடியில் வீங்கி ஒட்டிக்கொண்டு உறையாகின்றன, உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீரே போய்ச் சேராது. பிறகு எவ்வளவு கொதித்தாலும் அந்தக் கட்டி கரையாது. ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீர் என்று கரைத்து, ஊற்றுமுன் மறுபடி கலக்கி, கொதிக்கும் திரவத்தில் கிளறிக்கொண்டே சேர்க்க வேண்டும். நடுத்தரக் கெட்டிக்கு 250 மில்லி திரவத்துக்கு 8 கிராம் கார்ன்ஃப்ளவர், அதாவது ஒரு மேசைக்கரண்டி, போதும். சேர்த்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். 70 டிகிரியில் கெட்டிப்பட்டதும் அடுப்பை அணைத்தால் மாவு வாடை நிற்கும், சில மணிகள் வேகாமல் தங்கி நாக்கில் நெருடும்.

சர்க்கரை அதிகமுள்ள கலவையில் பசையாகும் வெப்பநிலை மேலே ஏறும். சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதும், மணியின் ஒழுங்கற்ற பகுதியோடு ஒட்டி அதை நிலைப்படுத்துவதும் காரணம். சர்க்கரையின் எடை தண்ணீரின் எடையை நெருங்குமானால், முதலில் மாவைக் குறைந்த சர்க்கரையோடு காய்ச்சிக் கெட்டியாக்கிவிட்டு மீதியைப் பின்னால் சேர்ப்பது நல்லது.

வீங்கிய பின் நடப்பதில்தான் கிழங்கும் தானியமும் பிரிகின்றன. உருளைக்கிழங்கு அமைலோபெக்டினில் இருநூறு முதல் நானூறு குளுக்கோஸுக்கு ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது. பாஸ்பேட்டின் எதிர்மின்னேற்றம் சங்கிலிகளை ஒன்றையொன்று தள்ளவைக்கிறது, தண்ணீர் பாய்கிறது, மணி பிரம்மாண்டமாக வீங்குகிறது. ஆகவே உருளைக்கிழங்கு மாவு மக்காச்சோளத்தைவிடக் குறைந்த அளவிலேயே கெட்டியாக்கும், பசை கண்ணாடியாகத் தெளியும். அதே காரணத்தால் அது எளிதில் உடையும்: மெல்லிதாக வீங்கிய மணிகள் கிளறலிலும் நீண்ட கொதியிலும் கிழிந்து பசை தண்ணீராக இளகும், நூல் நூலாக வடியும். உப்பும் கடின நீரில் இருக்கும் கால்சியமும் அந்த மின்னேற்றத்தை மறைத்துவிடுவதால் வீக்கம் குறையும். மென்னீரில் சரியாக வந்த அளவு கடின நீரில் நீர்த்துப்போனால் மாவைக் குறை சொல்ல வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். உருளைக்கிழங்கு மாவைக் கடைசியில் சேர்த்து, கெட்டிப்பட்டதும் அடுப்பை அணைத்து, கிளறலையும் குறைத்துக்கொள்வதுதான் அதற்கு ஏற்ற முறை.

தானியத்தில் இதற்கு நேர்மாறு. மக்காச்சோளம், கோதுமை மாவுச்சத்தில் முக்கால் சதவீதம் அளவுக்குக் கொழுப்புப் பொருள் இருக்கும். கிழங்குகளில் அது மிகச் சொற்பம். அமைலோஸ் சங்கிலி கொழுப்பு அமிலத்தைச் சுற்றி, ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் என்ற கணக்கில், சுருளாகப் படிந்து அதைப் பூட்டிக்கொள்கிறது. இந்தக் கூட்டு ஏறத்தாழ 100 டிகிரிவரை தாங்கும். மணியின் வீக்கத்தை அடக்குகிறது, பசையை மங்கலாக்குகிறது, தானிய வாடையைத் தருகிறது. அதனால் மக்காச்சோளப் பசை அவ்வளவு உயரத்துக்குக் கெட்டியாகாது, ஆனால் எட்டிய உயரத்தைக் காத்துக்கொள்ளும். தெளிவும் வாடையின்மையும் தேவைப்படும் பழச்சாற்றுக் கலவைகளுக்கு மரவள்ளியையும் கூவைக்கிழங்கையும் விரும்புவதன் காரணமும் இதுதான். ரொட்டியிலும் உடனடி உருளைக்கிழங்கு மசியலிலும் கிளிசரால் மோனோஸ்டியரேட் என்ற கொழுப்புவகைப் பொருளைச் சேர்ப்பது இதே பூட்டைத் திட்டமிட்டுப் போடுவதற்காக: கட்டுண்ட அமைலோஸ் வெளியே வந்து ஒட்டாது.

இப்போது ஆறவிடுவோம். கெட்டியாக்கும் மாவுச்சத்தை உண்மையில் சோதிப்பது இந்தக் கட்டம்தான் என்பது என் கருத்து. பெரும்பாலான தோல்விகள் அடுப்பில் தெரிவதில்லை, மறுநாள் தெரிகின்றன. வெளியே கசிந்த அமைலோஸ் சில மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று கோத்து வலையாகிறது. 5, 6 சதவீதத்துக்கு மேல் காய்ச்சிய கார்ன்ஃப்ளவர் பசை அச்சில் ஊற்றினால் அச்சின் வடிவிலேயே நிற்பது இதனால். அமைலோபெக்டினின் கிளைகளும் மறுபடி படிகமாகும், ஆனால் மெதுவாக, நாட்கணக்கில். ரொட்டி பழையதாகி இறுகுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது நிகழ்வுக்கு உரியது. 1852-இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ, ஈரம் போகாமல் மூடிவைத்த ரொட்டியும் பழையதாகிறது, அதை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மறுபடி மென்மையாகிறது என்று காட்டினார். அமைலோபெக்டின் படிகம் அந்த வெப்பத்தில் உருகிவிடுகிறது. அமைலோஸ் படிகமோ 120 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே கட்டியாகிப்போன கார்ன்ஃப்ளவர் பசையைச் சூடாக்கிக் கிளறினாலும் பழைய வழவழப்பு வராது, துண்டுதுண்டான ஜெல்தான் கிடைக்கும்.

இந்தப் படிகமாதல் 4 டிகிரியை ஒட்டிய குளிரில் மிக வேகமாக நடக்கும். குளிர்பெட்டியில் வைத்த ரொட்டி வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் இறுகுவது இதனால். உறைநிலைக்கு நன்றாகக் கீழே கொண்டுபோனால் மூலக்கூறுகள் நகர முடியாமல் நின்றுவிடும். ஆபத்து உறைவதற்கும் உருகுவதற்கும் இடையிலான பயணத்தில். அப்போது சங்கிலிகள் நெருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன, கெட்டிக் குழம்பு பஞ்சும் நீருமாகப் பிரிகிறது. சாதாரண மக்காச்சோளம் ஒரே சுற்றில் பிரிந்துவிடும். மெழுகு வகை மக்காச்சோளம் சற்றுத் தாங்கும். ஒட்டும் அரிசி மாவு அதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டிலும் அமைலோஸ் இல்லை, பிறகு ஏன் வேறுபாடு? அரிசியின் அமைலோபெக்டினில் மிகக் குறுகிய கிளைகள் அதிகம், அவை நிலையான இரட்டைச் சுருளாக முறுக்கப் போதிய நீளமில்லாதவை. உருளைக்கிழங்கில் கிளைகள் நீளமானவை, அதனால் அதன் அமைலோபெக்டினே விரைவில் படிகமாகிறது. அமைலோஸ் சதவீதத்தை மட்டும் பார்த்து மாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்.

அமிலமும் நொதியும் தனி எதிரிகள். எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்றவற்றோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் ஆல்பா-1,4 பிணைப்புகள் அறுந்து பசை இளகும். அமிலத்தைக் கெட்டியான பின், அடுப்பிலிருந்து இறக்கிச் சேர்த்தால் பாதிப்பு குறைவு. முட்டை மஞ்சள் கருவில் ஆல்பா அமைலேஸ் நொதி உண்டு. மாவுச்சத்தோடு மஞ்சள் கரு சேர்த்த கஸ்டர்டைக் கொதிக்கும்வரை கொண்டுபோகாமல் இறக்கினால் நொதி உயிரோடு இருந்து இரவோடு இரவாக எல்லாவற்றையும் நீர்த்துவிடும். மாவுச்சத்து மஞ்சள் கருவை அதிகம் திரியாமல் காப்பதால், இந்த வகைக் கஸ்டர்டைத் தயங்காமல் கொதிக்க வைக்கலாம். சுவைபார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் போடுவதும் இதே தவறு, எச்சிலிலும் அதே வகை நொதி.

தொழிற்சாலையில் மாற்றியமைத்த மாவுச்சத்துகள் ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஏதோ ஒரு குறைக்கான மருந்து. மணி கிழிகிறதா? பாஸ்பேட் அல்லது அடிப்பேட் பாலங்களால் பல நூறு முதல் ஆயிரக்கணக்கான அலகுக்கு ஒன்று என்ற அரிய குறுக்குப்பிணைப்பு போதும், மணி கொதியையும் அமிலத்தையும் தாங்கும். அளவு மிஞ்சினால் மணி வீங்கவே வீங்காது. ஆறியபின் படிகமாகிறதா? ஆங்காங்கே அசிட்டைல் அல்லது ஹைட்ராக்ஸிபுரொப்பைல் குழுவை ஒட்டினால் சங்கிலிகள் நெருங்க முடியாது, பசையாகும் வெப்பநிலையும் இறங்கும். உறைய வைக்கும் குழம்புகளில் பெரும்பாலும் மெழுகு வகை மாவில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். சூட்டில் நீர்த்தும் ஆறினால் இறுக்கமாகவும் வேண்டுமானால், பசையாகும் வெப்பநிலைக்குக் கீழே மணியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துச் சங்கிலியைக் குறுக்குவார்கள். அச்சில் வார்க்கும் ஜெல் மிட்டாய்களுக்கு அதுதான் வழி, அடர்த்தியாகக் காய்ச்சினாலும் குழாயில் ஓடும். எண்ணெயைப் பிடிக்கும் ஆக்டினைல் சக்சினேட் குழுவை ஒட்டினால் நீரிலும் எண்ணெயிலும் கால் வைக்கும் குழம்பாக்கி கிடைக்கும். முன்கூட்டியே வேகவைத்துச் சூடான உருளையில் உலர்த்திப் பொடித்தால் பச்சைத் தண்ணீரிலேயே கெட்டியாகும், படிகம் முன்பே போய்விட்டதால்.

உணவுக்கு வெளியேயும் இதே விதிகள்தான். நெளி அட்டை ஒட்டும் ஸ்டீன்-ஹால் முறையில், பசையின் சிறு பங்கு மட்டும் வெந்திருக்கும். அது வேகாத மணிகளைத் தாங்கி மிதக்கவைக்கும். காஸ்டிக் சோடா பசையாகும் வெப்பநிலையைக் கீழிறக்கும், போராக்ஸ் ஒட்டும் வேகத்தைக் கூட்டும். அட்டை சூடான தகடுகளுக்கிடையே ஓடும்போது, ஒட்டும் இடத்திலேயே மீதி மணிகள் பசையின் நீரை உறிஞ்சி வீங்கி நொடியில் பிடித்துக்கொள்ளும். காஸ்டிக் அதிகமானால் தொட்டியிலேயே கெட்டியாகும், குறைந்தால் அட்டை பிரியும். காகித ஆலைகள் நேர்மின்னேற்றம் ஏற்றிய மாவுச்சத்தைப் பயன்படுத்துவது எதிர்மின்னேற்றமுள்ள செல்லுலோஸ் இழைகளோடு அது இறுகப் பற்றுவதற்காக. படலம் வேண்டுமானால் உயர் அமைலோஸ். கிளிசரால் சேர்த்து உருக்கி வார்த்தால் நெகிழியைப் போன்ற தகடு கிடைக்கும், ஆனால் ஈரத்தில் தளர்ந்து, மாதங்கள் போகப் போகப் படிகமாகி நொறுங்கும். இந்தக் குறை தீராமல் தனி மாவுச்சத்து நெகிழியின் இடத்தைப் பிடிக்காது.

செரிமானத்திலும் அமைப்புதான் பேசுகிறது. உருளைக்கிழங்கின் பச்சை மணி நொதிக்கு எளிதில் இடம் கொடுக்காது, வேகவைத்தால் விரைவில் செரிக்கும். ஆறிய பின் படிகமான அமைலோஸ் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல்வரை போகும், மறுபடி சூடாக்கினாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கையில் இருக்கும் மாவு எது என்று தெரியாவிட்டால் இரண்டு சோதனைகள் போதும். முதலாவது அயோடின். நீர்த்த பசையை முழுதாக ஆறவைத்து, நீர்த்த அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள். அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் வரிசையாக நுழைந்தால் கருநீலம் வரும். மெழுகு வகையில் நீளமான சுருள் இல்லாததால் செம்பழுப்பு. சூடான பசையில் நிறமே வராது, வைட்டமின் சி இருந்தாலும் வராது. இரண்டாவது, 100 மில்லி தண்ணீருக்கு 6 கிராம் மாவு கரைத்துக் கிளறிக்கொண்டே கொதிக்க வைத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள், மற்றதை உறையவைத்து மறுநாள் உருக்குங்கள். முதல் கிண்ணம் மங்கலாக இறுகிக் கவிழ்த்தால் வடிவம் காத்தால் அது சாதாரணத் தானிய மாவு. தெளிவாக, இழுபட்டு, தளர்ந்து கிடந்தால் மரவள்ளி அல்லது மெழுகு வகை. சூட்டில் மற்றவற்றைவிட மிகக் கெட்டியாக இருந்து, இரண்டு நிமிடம் வேகமாகக் கிளறியதும் இளகியிருந்தால் உருளைக்கிழங்கு. உறைந்து உருகிய கிண்ணத்தை வடிகட்டியில் கவிழ்த்து, பிரிந்த நீரை எடை போடுங்கள். எதுவுமே வடியாவிட்டால் அது பெரும்பாலும் மாற்றியமைத்த மாவு, உறையவைக்கும் பண்டத்துக்குத் தயங்காமல் எடுக்கலாம்.